ஆறும் எட்டும் ரெண்டு

குமரவேலுக்கு வாய் முன்னால் போகும், புத்தி பின்னால் மூச்சிரைக்க ஓடி வரும். இதை அவன் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். அதனால் இங்கே எழுதுவதில் புறம்பேச்சு ஒன்றுமில்லை.

என் பெயர் சண்முகசுந்தரம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். சுரங்கத்திலிருந்து கரியை மேலே கொண்டுவரும் கன்வேயர் பெல்ட்டில் எனக்கு வேலை. நெய்வேலிக்கு வந்து தலையெல்லாம் நரைத்துவிட்டது, பேச்சும் ஊருக்கு ஏற்றபடி மாறிவிட்டது. கோபம் வந்தால் மட்டும் பழைய 'ஏல' தானாக வந்து நிற்கும். குமரவேலும் அதே பெல்ட், அதே ஷிஃப்ட். குவார்ட்டர்ஸிலும் ஒரே பிளாக்தான். அவன் கீழ் வீடு, நான் மேல் வீடு. அவன் சத்தமாகத் தும்மினால் நான் மாடியில் திட்டுவேன்.

அவன் பக்கத்து ஊரான வடக்குத்துக்காரன். அப்பா சிங்காரவேல் முந்திரியும் மணிலாக் கடலையும் போட்டுப் பிழைத்தவர். இவன் பத்தாம் வகுப்பில் கணக்கில் போய், மறுபடி எழுதித் தேறி, ஐடிஐ முடித்து, சுரங்கத்தில் காண்ட்ராக்ட் ஆளாக நுழைந்தான். காண்ட்ராக்ட் ஆளுக்குக் கையும் காலும்தான் வேண்டும், வாய் வேண்டாம். மேஸ்திரி சொன்னால் சரி, சூப்பர்வைசர் சொன்னால் சரி, நேற்று சேர்ந்த பொடியன் சொன்னாலும் சரி. அப்படியே வருஷக்கணக்கில் தலையாட்டியவன் பர்மனென்ட் ஆன மறுநாள், அத்தனை காலம் மூடிவைத்திருந்த வாயை மொத்தமாகத் திறந்துவிட்டான். அதன்பிறகு அது மூடவே இல்லை.

கேன்டீனில் ஒருநாள் சாம்பாரைக் குறை சொன்னான். "பெரிய இவன், நீ வச்சுக் கொண்டா பாக்கலாம்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மறுநாள் ஷிஃப்ட்டுக்கே சாம்பார் கொண்டுவந்தான். விடியலில் எழுந்து அவனே வைத்தது. டூவீலர் முன்னால் அண்டாவை வைத்துக் காலால் அணைத்துக்கொண்டு ஓட்டி, பேன்ட்டெல்லாம் சாம்பார். உப்புத்தான் கொஞ்சம் தூக்கல். சொல்லிவிட்டால் செய்துவிட வேண்டும், அது அவன் சுபாவம். செய்ய முடியாததைச் சொல்லாமல் இருக்கலாமே என்றால், அது மட்டும் அவனுக்குத் தெரியாது.

பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியதும் அப்படித்தான்.

அவனுக்கு இரண்டு பெண்கள். பெரியவள் மலர்விழி, ஏழு வயது. சின்னவள் யாழிசை, ஐந்து. மலருக்கு நல்ல பெரிய கண். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு ஆளைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், பேச்சு கொஞ்சம் கம்மி. ஸ்கூலில் பெற்றோர் கூட்டம். டீச்சர் நல்லபடியாகத்தான் சொல்லியிருக்கிறார். "மலர் இன்னும் விரல் விட்டுத்தான் கூட்டுறா. மூணும் நாலும்னா உடனே ஏழுன்னு வாயில வரணும். ஒரு டியூஷன் வச்சுடுங்க." அவ்வளவுதான். சுற்றிலும் மற்ற பெற்றோர்கள், அதில் இரண்டு மூன்று பேர் ஆபீசர் வீட்டுக்காரர்கள். குமரவேலுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"ஸ்கூல்லயும் கட்டுவோம், டியூஷன்லயும் கட்டுவோம், அப்ப நீங்க என்னாத்துக்குங்க? எம்புள்ளைங்கள நானே வூட்ல வச்சு சொல்லிக் குடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டான்.

டீச்சர் சண்டைக்கு வந்திருந்தால் சமாதானம் ஆகியிருக்கும். அவர் சிரித்துக்கொண்டு, "தாராளமா செய்யுங்க சார்" என்று சொல்லிவிட்டார். சாம்பார் கதைதான் மறுபடியும். அடுத்த வாரமே இரண்டு பேருக்கும் டி.சி. வாங்கிவிட்டான். அதற்கு அப்புறம்தான் இப்படி வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுப்பதற்கு 'ஹோம் ஸ்கூலிங்' என்று ஒரு பெயர் உண்டு என்பதையே போனில் தேடிக் கண்டுபிடித்தான். கண்டுபிடித்த பிறகு கேட்க வேண்டுமா. கேன்டீனில், பஸ்ஸில், ரேஷன் கடையில் எல்லாம் அந்த வார்த்தைதான்.

அவன் மனைவி பவித்ரா குறிஞ்சிப்பாடியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் வருவாள். அவளுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. ஆனாலும் சண்டை போட்டு முடியாது என்று தெரிந்தவள். "ஜூன் வரைக்கும் பாரு. அதுக்குள்ள கூட்டலாவது ஒழுங்கா வரலன்னா நானே கொண்டுபோய் சேத்துடுவேன்" என்று மட்டும் சொன்னாள்.

வாத்தியார் வேலை ஆரம்பித்தது. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரத்தில் மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டு உட்காருவான். செகண்ட் ஷிஃப்ட் என்றால் காலையில். இரண்டு பேரும் வேலையில் இருக்கிற நேரத்துக்குப் பிள்ளைகள் மேல் வீட்டில் என் மனைவியிடம் இருப்பார்கள். நைட் ஷிஃப்ட் வாரம்தான் பரிதாபம். சுவரில் சாய்ந்தபடி "அஞ்சும் ரெண்டும்..." என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போவான். சின்னவள் வந்து இமையைப் பிடித்துத் தூக்கி, "ஏழுப்பா" என்பாள்.

முதலில் புளியங்கொட்டை வைத்துச் சொல்லிக்கொடுத்தான். யாழிசை ஒரு கொட்டையை மூக்கில் போட்டுக்கொள்ள, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அப்புறம் போனில் ஒரு பாட்டு. பாட்டு மனப்பாடம் ஆனது, கூட்டல் ஆகவில்லை. மலரிடம் கையைப் பின்னால் கட்டச் சொன்னால் கால் விரலை மடக்கி எண்ணினாள். இவனுக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஆனால் அடிக்கமாட்டான், அதைச் சொல்லியே ஆக வேண்டும். எழுந்து போய் வாசல் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்ப வருவான்.

ஒருநாள் ஓடாத சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கழற்றி, கண்ணாடியை எடுத்துவிட்டுத் தரையில் வைத்தான். "விரலே வேணாம். ஆறுல முள்ள வையி. எட்டு எடம் தள்ளு. அப்பா ஆறு மணிக்குப் போனா, எட்டு மணி நேரம் வேல. எத்தினிக்கு வருவேன்?"

மலர் முள்ளைத் தள்ளினாள். "ரெண்டு."

"ரெண்டு மணிக்குப் போனா?"

"பத்து."

"பத்துக்குப் போனா?"

"ஆறு."

மூன்று ஷிஃப்ட்டும் வந்துவிட்டது. குமரவேல் துள்ளிக் குதித்து என்னை மேலேயிருந்து கூப்பிட்டுக் காட்டினான். அன்றிலிருந்து எல்லாக் கூட்டலும் கடிகாரத்தில்தான். ஒரு மாதத்துக்குள் பிள்ளைகளுக்குக் கடிகாரமே தேவைப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள்ளேயே முள்ளைத் தள்ளினார்கள். ஐந்தும் நாலும் ஒன்பது. ஏழும் மூணும் பத்து. ஆறும் ஆறும் பன்னிரண்டு. விரல் அசையவில்லை, உதடு அசையவில்லை. ஒன்பதும் ஐந்தும் என்றால், பட்டென்று ரெண்டு.

ஆமாம், ரெண்டுதான். படிக்கிற உங்களுக்கு உடனே உறைத்திருக்கும். அவனுக்கு உறைக்கவில்லை. நானும் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன், எனக்கும் உறைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஆறோடு எட்டைக் கூட்டி ரெண்டு மணி ஆக்கி வீட்டுக்குப் போகிற கூட்டம் நாங்கள். ஒன்பதும் ஐந்தும் ரெண்டு என்றது எங்கள் காதுக்குச் சுத்தமாகவே விழுந்தது. "பலே" என்று தட்டிக்கொடுத்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தேன். பவித்ரா மட்டும் ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் சோதித்தாள். துணி மடித்துக்கொண்டே பத்துக்குள் வருகிற கூட்டலாகக் கேட்டாள். எல்லாம் சரியாக வந்தது. அவள் முகத்திலேயே ஒரு நிம்மதி தெரிந்தது.

மாசியில் பவித்ராவின் அண்ணன் ராஜேந்திரன் மேல்பட்டாம்பாக்கத்தில் புது வீடு கட்டிக் குடிபோனார். என்னிடம் ஒரு பழைய மாருதி இருக்கிறது. அதனால் எனக்கும் அழைப்பு. நான் அதைப் பெரிய மரியாதை என்று எடுத்துக்கொள்ளவில்லை, பெட்ரோல் போட்டவனுக்குச் சாப்பாடு என்றுதான் எடுத்துக்கொண்டேன். குழந்தைகள் இரண்டும் புதுப் பாவாடையில் பின்சீட்டில் அம்மாவோடு ஒட்டிக்கொண்டு வந்தார்கள்.

ராஜேந்திரன் நல்ல மனுஷன், ஆனால் கிண்டல் ஜாஸ்தி. பந்தியில் உட்கார்ந்ததும், "என்னா மாப்ள, ஸ்கூல மூடிட்டு வந்தியா, இல்ல லீவு வுட்டுட்டு வந்தியா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அதோடு போயிருக்கும். குமரவேலுக்கு வாய் சும்மா இருக்குமா.

"மச்சான், ஒங்க வூட்டுப் புள்ளைங்க விரல் வுட்டுத்தான எண்ணுதுங்க? எம்பொண்ணக் கேளுங்க. எது வேணா கேளுங்க" என்றான்.

மலரை இலைக்கு முன்னால் நிறுத்தினான். ராஜேந்திரன் கேட்டார். நாலும் ஐந்தும். ஒன்பது. இரண்டும் எட்டும். பத்து. மூணும் ஆறும். ஒன்பது. கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. பரிமாறுகிறவர் வாளியோடு நின்று வேடிக்கை பார்த்தார். பந்தியில் ஒருவர் கை தட்டினார். குமரவேல் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அந்த நிமிஷம் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பர்மனென்ட் ஆர்டர் வாங்கிய அன்றுகூட அவன் அப்படி இல்லை.

"சரி, ஏழும் எட்டும்?"

"மூணு" என்றாள் மலர்.

ராஜேந்திரன் காது கேட்காதவர் மாதிரி குனிந்தார். "எவ்ளோம்மா?"

"மூணு மாமா."

"எட்டும் எட்டும்?"

"நாலு."

 அப்புறம் பந்தி முழுக்கச் சிரிப்பு. கடைசி இலையிலிருந்து ஒரு பெரியவர், "ஸ்கூல்ல படிச்சா கூட்டினா ஏறும். வூட்ல படிச்சா கூட்டினா எறங்கும்போல" என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் குமரவேலைப் பார்த்தேன். அவனுக்கும் உறைத்துவிட்டது. முகம் வெளுத்து, காது மட்டும் சிவந்து கிடந்தது.

அவன் அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'நான் கடிகாரத்துல சொல்லிக்குடுத்தேன், தப்பாப் போச்சு' என்று சொல்லியிருந்தால் எல்லாரும் சேர்ந்து சிரித்திருப்பார்கள், அவனும் சிரித்திருப்பான், பாயசம் வந்திருக்கும். அவன் என்ன செய்தான் தெரியுமா? மலரின் கையைப் பிடித்து இழுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "யாரு ஒனக்கு இப்பிடி சொல்லிக் குடுத்தது?" என்று அதட்டினான்.

அவள் அவனையே பார்த்தாள். சொன்னேனே, பெரிய கண்.

"கேக்கறேன் இல்ல? யாரு சொல்லிக் குடுத்தது?"

பக்கத்தில் நின்ற யாழிசை, "அப்பா, நீதான..." என்று ஆரம்பித்தாள். மலர் சட்டென்று தங்கச்சியின் வாயைப் பொத்தினாள். பொத்தியபடியே, "யாரும் சொல்லிக் குடுக்கல. நானாத்தான் சொன்னேன்" என்றாள்.

 இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டேன். கை கழுவுகிற இடத்தில் அவனும் வந்து நின்றான். என் முகத்தைப் பார்க்காமல் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு கையைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

திரும்பி வரும்போது பவித்ரா பின்சீட்டில் குமுறினாள். சொந்தத்துக்கு முன்னால் மானம் போய்விட்டது என்று. "வூட்ல நாள் பூரா என்னாதாண்டி படிச்ச? அப்பா என்னாதான் சொல்லிக் குடுத்தாரு?" என்று மலரை உலுக்கினாள். மலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முன்சீட்டில் இருந்த குமரவேல் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். வாய் ஓயாத பயல், அன்றைக்கு நெய்வேலி ஆர்ச் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் பவித்ரா வேறொரு பள்ளியில் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். ஜூனில் சேர்த்துக்கொள்கிறோம், அதற்கு முன் பிள்ளையைக் கூட்டிவாருங்கள், நாலு கணக்கு வாயால் கேட்போம், சொன்னால் மூன்றாம் வகுப்பு, சொல்லாவிட்டால் இரண்டாம் வகுப்பிலேயே மறுபடி உட்கார வேண்டும் என்றார்களாம். அவள் வயதுப் பிள்ளைகள் எல்லாம் மேலே போக, இவள் தன்னைவிடச் சின்னக் குழந்தைகளோடு உட்கார வேண்டும்.

குமரவேல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். இந்தத் தடவை கடிகாரத்தைக் கண்ணிலேயே காட்டவில்லை. முட்டை அட்டையை வெட்டிப் பத்துக் குழி வைத்தான். எட்டுக் குழியில் எட்டுக் கோலிக்குண்டு. இன்னும் ஏழு குண்டைக் கையில் கொடுத்தான். அதில் ரெண்டை எடுத்து முதலில் பத்தை ரொப்பு, கையில் மிச்சம் ஐந்து, ஆகப் பதினைந்து. நல்ல வழிதான். யாழிசை மூன்றே நாளில் பிடித்துக்கொண்டாள்.

மலர் வாயே திறக்கவில்லை.

எட்டும் ஏழும் வேண்டாம், இரண்டும் ஒன்றும் எவ்வளவு என்றாலும் பதில் இல்லை. கோலிக்குண்டைத் தொடமாட்டாள். தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மற்ற நேரத்தில் விளையாடுகிறாள், சாப்பிடுகிறாள், என் வீட்டுக்கு வந்து டிவி பார்க்கிறாள். எண் என்று ஒன்று காதில் விழுந்தால் போதும், உதட்டை உள்ளே மடித்துக்கொள்வாள். அவன் கெஞ்சினான். ஐஸ்கிரீம் வாங்கிவந்து உருகவிட்டான். நானும் ஒருநாள் நைசாக, "தாத்தாக்கு ரெண்டு முறுக்கு, உனக்கு ஒரு முறுக்கு, எத்தனைம்மா?" என்று கேட்டுப் பார்த்தேன். முறுக்கை என் கையிலேயே வைத்துவிட்டுக் கீழே போய்விட்டாள்.

பவித்ராவுக்குக் கடிகாரக் கதையே தெரியாது. அவள் வருவதற்குள் பாடம் முடிந்துவிடும், அவனும் அவளிடம் சொல்லவில்லை. பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்றே அவள் நம்பிக்கொண்டிருந்தாள். ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "அண்ணே, மலருக்கு ஏதாவது கொறை இருக்குமாண்ணே? டாக்டர்கிட்ட காட்டலாமா?" என்று கேட்டாள். கண்ணில் தண்ணீர். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அன்றைக்கு செகண்ட் ஷிஃப்ட். பெல்ட் ஓரத்தில் அவனைப் பிடித்தேன்.

"ஏல, நீ மனுஷனால? பெத்த பிள்ளையப் பைத்தியம்னு டாக்டர்ட்ட கொண்டுபோகப் பாக்கா உம் பொண்டாட்டி. நீ வாய மூடிக்கிட்டுத் திரியுத. வேண்டாத இடத்துல எல்லாம் திறக்குமே, இப்ப என்னல ஆச்சு அந்த வாய்க்கு?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பெல்ட் ஓடுகிற சத்தத்தில் அவன் பேசியது பாதிதான் கேட்டது. கேட்டது போதும்.

"வெக்கமா கீது... வெக்கமா இருக்குண்ணே. எனக்கு எம்மூஞ்சியவே பாக்கப் புடிக்கல. காலைல சவரம் பண்ணச் சொல்லோ கண்ணாடியில பாக்கறதில்லண்ணே, தடவிக்கினே பண்ணிக்கறேன். எம்மானம் போவக் கூடாதுன்னு எம்பொண்ணு மானத்த எடுத்துட்டேன். அவ என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாம் இல்ல? அத்தினி பேரு முன்னால அவ குடுக்கலண்ணே. ஏழு வயசுப் புள்ள அது. எனக்கு முப்பத்தெட்டு."

 திட்டுவதற்கு வைத்திருந்ததை எல்லாம் அவனே சொல்லிவிட்டான்.

"எம்மேல வெறுத்துப்போயிட்டா. அதான் பேச மாட்றா. அப்பன் கேக்கற கேள்விக்குப் பதில் சொன்னா இன்னொரு வாட்டி மாட்டி வுட்டுடுவான்னு பயம். ஞாயமான பயம்தான்" என்றான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "ஆஃப் அன்னிக்குக் காரு எடுக்க முடியுமாண்ணே? மேல்பட்டாம்பாக்கம் போவணும். மொதல்ல அங்க சொல்லணும். அங்கதான பண்ணேன். அப்பறம் பவித்ராகிட்ட" என்றான்.

ஆஃப் நாளில் பவித்ரா வேலைக்குப் போன பிறகு கிளம்பினோம். அவன், இரண்டு பிள்ளைகள், நான். எதற்குப் போகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லவில்லை. மாமா வீட்டுக்கு என்றதும் யாழிசைக்குக் கொண்டாட்டம். மலர் மட்டும் ஒருமுறை அப்பாவைப் பார்த்தாள், ஒருமுறை என்னைப் பார்த்தாள். வழியில் குமரவேல் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து எடுத்து உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

ராஜேந்திரன் வீட்டில்தான் இருந்தார். அவர் மனைவி காயத்ரி, பக்கத்து வீட்டிலிருந்து நல்லசாமி என்று ஒருவர். அன்றைக்குக் கடைசி இலையில் உட்கார்ந்து கிண்டல் பண்ணிய அதே பெரியவர். உட்காரச் சொன்னார்கள். குமரவேல் உட்காரவில்லை. மலரைப் பக்கத்தில் நிறுத்தி அவள் தோளில் கையை வைத்துக்கொண்டான்.

"மச்சான், அன்னிக்குப் பந்தியில மலரு ஏழும் எட்டும் மூணுன்னு சொன்னா இல்ல? அது நான் சொல்லிக் குடுத்ததுங்க. கடியாரத்த வச்சு நான்தான் தப்பா சொல்லிக் குடுத்தேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல. நான் சொல்லிக் குடுத்ததத்தான் கரெக்டா சொன்னா. நான் ஒங்க எல்லாரு முன்னாலயும் அவளப் போட்டு அதட்டிட்டு, எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி நின்னேன். அவ என்ன வுட்டுக் குடுக்காம நானாத்தான் சொன்னேன்னு பொய் சொன்னா. அத சொல்லிட்டுப் போவலாம்னுதான் வந்தேன்."

 ராஜேந்திரன் முழித்தார். "எது மாப்ள? குடிபோன அன்னிக்கா?" என்று யோசித்தார். நல்லசாமியைப் பார்த்தார். நல்லசாமியோ, "என்னா கணக்கு? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லியே" என்றார். காயத்ரி, "அடக் கடவுளே, இத்துக்கா இம்மாந் தூரம் வெயில்ல வந்தீங்க? புள்ளைங்க கணக்குதான, நாளைக்கு மாறிடும். ஒக்காருங்க, மோரு கொண்டாரேன்" என்று உள்ளே போனாள். மனசுக்குள் மாசக்கணக்கில் அவன் சுமந்துகொண்டிருந்தது அங்கே ஒருத்தருக்கும் நினைவில் இல்லை. மோர் குடித்தோம். ராஜேந்திரன் வழக்கம்போலக் கிண்டல் எதுவும் பண்ணாமல் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பலாச்சுளை எடுத்துக் கொடுத்தார். யாழிசை தின்றாள். மலர் கையிலேயே வைத்திருந்தாள்.

கார் ஊரைத் தாண்டிக் கரும்புக் கொல்லைப் பக்கம் வந்ததும் பின்சீட்டில் விசும்பல் கேட்டது. அன்றைக்குப் பந்தியில் அழாத பிள்ளை, அம்மா உலுக்கியபோது அழாத பிள்ளை, இப்போது தேம்பித் தேம்பி அழுதாள். குமரவேல் சீட்டில் அப்படியே திரும்பி உட்கார்ந்து, "என்னாடா? அப்பா சொன்னேன் இல்ல? ஒம்மேல தப்பு இல்லன்னு சொல்லிட்டேன் இல்ல?" என்றான்.

"நீ ஏம்ப்பா சொன்ன?" என்றாள் மலர். "நான்தான் யார்கிட்டயும் சொல்லலியே."

அவனுக்குப் புரியவில்லை.

"அம்மா கேட்டப்பகூட சொல்லல. தாத்தா முறுக்கு குடுத்துக் கேட்டப்பகூட சொல்லல. நான் வாயத் தொறந்து தப்பா சொல்லிட்டா, நீ சொல்லிக் குடுத்ததுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். ஒன்ன சிரிப்பாங்க. அதான் நான் கணக்கே சொல்லாம இருந்தேன். நீயே போயி சொல்லிட்டியேப்பா."

நான் வண்டியை ஓரம் கட்டினேன். கட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை, எனக்கே ரோடு சரியாகத் தெரியவில்லை. பிள்ளை வெறுத்துப்போய்ப் பேசவில்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தோம் நானும் அவனும். இரண்டு வளர்ந்த தடிமாடுகள். அவள் ஒரு வருஷப் படிப்பையே பணயம் வைத்து இவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

குமரவேல் கதவைத் திறந்து இறங்கினான். கொஞ்ச தூரம் நடந்துபோய் வேலியோரம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தோள் குலுங்கியது. கைக்குட்டை சீட்டிலேயே கிடந்தது, எடுத்துக்கொண்டு போகவில்லை.

யாழிசை ஜன்னலில் எட்டிப் பார்த்து, "அப்பா ஏன் அழுவறாரு?" என்று கேட்டாள்.

மலர் புறங்கையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அழுவல. வாந்தி வருது அப்பாக்கு. நீ அங்க பாக்காத" என்று சொல்லி, தங்கச்சியின் தலையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.